நானே இழுத்துட்டு வந்த டிரெய்லர்

காத்து, காத்து, காத்து! வந்து இறங்குனதுல இருந்து இதையே சொல்றீங்களே தம்பி... அயோவா வழியா வந்தா காத்து அடிக்காம, பின்ன விசிறியா வீசுவாங்க? சர்ச்சு மணி அடிக்கிறப்ப இங்க நிக்கணும்னு பேச்சா இல்லையா? இப்பப் பாருங்க, பாஸ்டர் பேசி முடிச்சு, கீழ ஹால்ல காபி குடிச்சு, ஊரு மொத்தமும் வீடு போய்ச் சேந்திருக்கும். நான் இங்க இந்தப் பாழடைஞ்ச பெட்ரோல் பங்குல காவல் நாய் மாதிரி குந்திக்கிட்டு இருக்கேன். லேட்டாகும்னா ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா? ஒரே ஒரு போன்!

இருங்க, இருங்க. வாயத் தொறக்காதீங்க. நான் முடிச்சுக்கறேன்.

டிரெய்லர்ல குத்தமே இல்ல. நல்லா இருக்கு. ஒரு கீறல் இல்லாம இந்தியானாவுல இருந்து கொண்டாந்துட்டீங்க, கெட்டிக்காரர்தான். உள்ள எட்டிப் பாத்தேன்... அடேயப்பா, அடுப்பு, கட்டிலு, கக்கூசு! எம் பொண்டாட்டி லவோனுக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரே ஆசை, ஓரிகான் போயிக் கடலப் பாக்கணும். ஆனா ஓட்டல் கட்டில்ல படுக்க மாட்டா. யார் யாரோ படுத்த மெத்தைம்பா. அதான் சொந்தக் கட்டிலையே வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போயிரலாம்னு வாங்கினேன். நெப்ராஸ்கால கடலுக்கு எங்க போறது தம்பி? சோளக்காடுதான் கடலு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உங்களுக்கும் நேரமாவுது, தெரியுது, தெரியுது.

நான் முடி வெட்டுறவன். ஊருல ஒரே கடை என் கடைதான், மெர்லின் கடைன்னா பச்சப்புள்ளைக்கும் தெரியும். ஆயுசு பூராக் கண்ணாடியப் பாத்தே வேலை செஞ்சவன். காதுக்குப் பின்னாடி ஒரு முடி நட்டுக்கிட்டு நின்னாலும் கண்ணாடியிலயே புடிச்சிருவேன். ஆனா இந்த வண்டிக் கண்ணாடி இருக்கே... சீ, அது வேற ஜென்மம்! ஸ்டியரிங்க வலது பக்கம் ஒடிச்சா பின்னாடி இருக்கறது இடது பக்கம் போவுது. என்ன நியாயம் இது? முன்னாடி எங்க வேணா போவேன் தம்பி. ரிவர்ஸு மட்டும்தான்... ம்.

போன வருஷம் ஏரிக்கரையில மச்சானோட படகு டிரெய்லரப் பின்னாடி எடுத்தேன். மச்சான்னா டுவேன், லவோனோட தம்பி. விவசாயி. தானிய டிரெய்லர ஒரு கையால ரிவர்ஸ் எடுப்பான், மறு கையில காபி, அதுலயும் ஒரு சொட்டு சிந்தாது. அதுக்கு ஒரு திமிரு! நான் எடுத்தது குறுக்க மடங்கி, ஏரிக்கு எறங்குற பாதைய அடைச்சுக்கிச்சு. அன்னிக்குன்னு பாத்து லீவு நாளு. அத்தனை படகுக்காரனும் வரிசையில நிக்கறான். பாஸ்டர் சம்சாரம் உள்பட! ஒருத்தனாவது திட்டுனானா? இல்லையே. நாற்காலியப் போட்டு உக்காந்துட்டாங்க தம்பி. சாண்ட்விச்சு வேற தின்னாங்க!

எங்க ஊருல அப்படித்தான். எவனாவது ரிவர்ஸ் எடுக்கறான்னா போதும், சினிமாக் கொட்டகை தோத்துது.

அதுல இருந்து டுவேன் என்னையக் கண்டாலே ரிவர்ஸ் எடுக்கற லாரி மாதிரி 'பீப்... பீப்... பீப்'னு கத்துவான். காபிக் கடையில, சர்ச்சுல, ஒரு சாவு வீட்டுல கூட! எத்தன நாள் பொறுக்கறது? ஒரு நாள் கடையில எல்லாரும் இருக்கறப்ப வாயக் குடுத்துட்டேன். 'டிரெய்லரு வாங்கியாச்சு. நானே இந்தியானா போறேன், நானே இழுத்துட்டு வர்றேன், நானே வீட்டு வாசல்ல ரிவர்ஸ்ல ஏத்துறேன்'னு. டுவேன் என்ன சொன்னான் தெரியுமா? 'நீ ஏத்திட்டா, இத்தன வருஷமா உங்கிட்டக் காட்டாத தாடிய உன் நாற்காலியில வந்து உக்காந்து மழிச்சுக்கறேன். ஏத்தலைன்னா ஓரிகானுக்கு நாந்தான் வண்டி ஓட்டுவேன்'ங்கறான்.

கூடவே வர்றேங்கறான் தம்பி! அந்தச் சின்ன வீட்டுக்குள்ள! அவன் குறட்டை விட்டா தகரம் கழண்டு விழுந்துரும். லவோனும் ஒரு மாதிரி யோசிச்சுட்டு, 'அதுவும் சரிதான் மெர்லின், மலை ரோடு பாரு'ன்னுட்டா. அவ தம்பியாச்சே, விட்டுக் குடுப்பாளா? வாழ்நாளெல்லாம் கேட்ட கடலு... அவளும் நானும் ரெண்டு பேரும் மட்டும் நிக்கணும்னு நெனச்சேன். நடுவுல டுவேன் தாடியோட நின்னா?

அதான் கூலிக்கு இழுத்துட்டு வர்ற உங்களப் புடிச்சேன். ஊருக்கு டாட்டா காட்டிட்டு என் பிக்கப்பு வண்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன்... பக்கத்து ஜில்லா வரைக்கும். அங்க ஒரு விடுதியில ரூம் போட்டு, மீன் புடிச்சுக்கிட்டு இருந்தேன். சிரிக்காதீங்க! யார் யாரோ படுத்த மெத்தைதான், லவோன் சொன்னது உண்மை, முதுகெல்லாம் அரிப்பு. இன்னிக்குக் காலையில மண்ரோட்டுல அங்கிட்டும் இங்கிட்டும் ஓட்டி வண்டி மேல புழுதி ஏத்தி வச்சிருக்கேன், பாருங்க. கண்ணாடியில பூச்சி கூட அடிச்சிருக்கு. இந்தியானாவுல இருந்து வந்த வண்டி மாதிரி இல்ல? ஆங், உங்க வண்டியில இந்தியானான்னு பேரு போட்ட காபி கப்பு ஒண்ணு இருக்கே, அதக் குடுத்துருங்க. சாட்சிக்கு.

ஊரே சர்ச்சுல இருக்கறப்ப நீங்க வந்து, டிரெய்லர ரிவர்ஸ்ல ஏத்தி விட்டுட்டுப் போயிருந்தா எல்லாம் சுமுகமா முடிஞ்சிருக்கும். நான் சாவிய விரல்ல சுத்திக்கிட்டு வாசல்ல நின்னிருப்பேன். உங்க அயோவாக் காத்து கெடுத்துருச்சு.

பரவால்ல. இன்னொரு யோசனை வச்சிருக்கேன். டிரெய்லர என் பிக்கப்புல மாட்டுங்க. என் தொப்பி, என் கறுப்புக் கண்ணாடி, என் சட்டை... எல்லாத்தையும் நீங்க போட்டுக்குங்க. நான் கீழ, கால் வைக்கிற எடத்துல படுத்துக்கறேன். நீங்க ஜம்முனு ரிவர்ஸ்ல ஏத்துங்க. தூரத்துல இருந்து பாத்தா நானேதான்! கொஞ்சம் தொந்தியத் தள்ளிக்குங்க, அவ்வளவுதான். ஏத்தினதும் நீங்க குனிஞ்சுக்குங்க, நான் எந்திரிச்சுக்கறேன்...

என்ன, அப்ப இருந்து வாய வாயத் தொறந்து மூடுறீங்க? சொல்லித் தொலைங்க.

போனா? பண்ணுனீங்களா? எப்போ? காலையிலயா! எனக்கு வரலையே... இந்தாங்க, போன் என் கையிலயேதான் இருக்கு. எந்த நம்பருக்குப் பண்ணுனீங்க?

...அது எங்க வீட்டு நம்பரு தம்பி.

அட, நான்தான் குடுத்தேன்! அந்த டிரெய்லர் விக்கிற பொண்ணு கேட்டதும் பழக்க தோஷத்துல வீட்டு நம்பர ஒப்பிச்சுட்டேன். என் செல் நம்பரு எனக்கே தெரியாதே! சரி... யாரு எடுத்தா? ஒரு அம்மாவா? நீங்க என்ன சொன்னீங்க?

'மெர்லின் சாரு ஊருக்கு வெளிய பழைய பெட்ரோல் பங்குல நிக்கறேன்னாரு, காத்துனால லேட்டாவும்'னு... ஐயோ. அதுக்கு அவ என்ன சொன்னா?

'ஆமா தம்பி, அங்கதான் நிப்பாரு, பத்திரமா வாங்க'ன்னாளா? அவ்வளவுதானா? ஒரு கோவம், ஒரு அதிர்ச்சி... ஒண்ணுமில்லையா?

ஏன்யா இத மொதல்லயே சொல்லல? ...ஆமா, நாந்தான் பேச விடல. தவளை தன் வாயாலதான் கெடும்.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

லவோன்! ஆங், கண்ணு, இதோ வந்துட்டேன், இலினாய் தாண்டுனதுல இருந்து ஒரே காத்து... ம். ...ம். ...சரி. ...இல்ல, தொப்பியெல்லாம் ஒண்ணுமில்ல. ...ம். ...வச்சிடறேன்.

அந்தத் தம்பியே ரிவர்ஸ்ல ஏத்தட்டும்ங்கறா. உங்களுக்கும் சேத்துச் சமைச்சிருக்காளாம். அடுப்புல பன்றிக்கறி, ருபார்ப் தண்டு வச்சுச் சுட்ட இனிப்புப் பை வேற. காலையில போன்ல அந்தப் பலகாரம் உங்களுக்குப் புடிக்கும்னு சொன்னீங்களாமே? நல்லா இருங்க!

நான் உக்காந்து பாத்தாப் போதும்ங்கறா. புல்வெளியில நாற்காலி போட்டாச்சாம். பாஸ்டர் வந்துட்டாரு, அவர் சம்சாரம் வந்தாச்சு, காபிக் கடை மொத்தமும் வந்தாச்சு. எனக்கும் ஒண்ணு போட்டு வச்சிருக்காளாம், அவ பக்கத்துல.

மறு பக்கம் டுவேனாம். ஓரிகானுக்குக் கிளம்பத் தயாரா, மடியில தலகாணியோட உக்காந்திருக்கானாம்.

...கப்பா? வேணாம், நீங்களே வச்சுக்குங்க. கிளம்புங்க, நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வர்றேன். மெதுவாவே போங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல. ரொம்ப மெதுவா. நீங்க சொன்னது சரிதான்... காத்து பலமாத்தான் அடிக்குது.