கல்வெட்டில் விடுபட்ட பெயர்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று எத்தனையோ வருடங்கள் தயங்கினேன். நயினாதீவுக் கோயிலில் இருக்கும் நயினை அம்மாள் அறிய, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நயினாதீவுக்குப் போகும் லோஞ்சுப் படகில், அர்ச்சனைப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்குப் பின்னால் இருந்த வாங்குப் பலகையில் முன்பின் தெரியாத ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள்.

“அண்ணை, இந்தக் கல்வெட்டின்படி எங்கடை அம்மா பிறக்கவேயில்லை,” என்றாள் தங்கை.

செத்தவரின் முப்பத்தோராம் நாளில் வாழ்க்கை வரலாறும் பாட்டுகளுமாக அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தைத்தான் சொன்னாள்.

“அம்மப்பாவின்ரை பிள்ளையள் எண்ட இடத்திலை வடிவாப் பார்.”

“பாத்தனான். மகன் ஒராள்தான். பாட்டிலை அம்மப்பாவின்ரை வண்டில்மாடு கூட வருது, அம்மா வரேல்லை.”

“அம்மா விருப்பத்துக்குக் கலியாணம் கட்டினவவெல்லே. மாமா பேரை விட்டிருப்பார்.”

அவள் அந்த மாமாவின் பெயரை வாசித்தாள். அது என் பெயர். என் தகப்பன் அப்புவின் கல்வெட்டை அச்சுக்குக் கொடுத்தபோது அக்காவின் பெயரை வெட்டியவன் நான்தான்.

“அப்ப அம்மாவின்ரை கல்வெட்டிலை இந்த மாமாவை என்ன செய்யிறது?”

அக்கா இறந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

“போடு. சாகுமட்டும் தம்பி, தம்பி எண்டுதானே சொன்னவ. அவர் விட்டவர் எண்டு நாங்களும் விடுறதே?”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மாமா நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. கோயிலில் ஐயர் யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டபோதும் தலை நிமிரவில்லை.

இதை மற்றவர்களுக்குச் சொல்கிறவர்கள், எனக்கு இரங்கி ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். அக்காவின் பெயர் நாகம்மா. அதை விட்டுவிடாதீர்கள்.