ஹொங்கொங் போகுமுன் படித்த சொல்

கல்முனை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "தா ஸேய் நேய். அடிச்சே கொல்லுவன்" என்று மெதுவாகச் சொன்னாள். நான் என் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவள் பக்கத்திலிருந்த அவளுடைய தங்கைக்கும் சந்தேகம். "ராத்தா, ஹொங்கொங்குக்கு வீட்டு வேலைக்குத்தானே போறீங்க? சோறு, தண்ணி எண்டு படிக்காம ஏன் போனில இதக் கேட்டுக் கேட்டுப் படிக்கிறீங்க? ஆரை அடிக்கப் போறீங்க?"

"சோறு தண்ணியக் கையால காட்டலாம் புள்ள. அவங்கட கன்டனீஸ் பாஷையில மிரட்டினா எனக்கு வெளங்கோணும்."

"சவூதிக்குப் படிச்சிட்டா போனீங்க?"

"படிக்காமத்தான் போனன். அந்த வீட்டு மேடம் சிரிச்ச முகத்தோட அறபுல என்னவோ சொன்னா. துஆ கேக்கிறாவாக்கும் எண்டு நானும் ஆமீன் சொன்னன். கையச் சுடுவன் எண்டுதான் சொல்லியிருக்கா. சுட்டதுக்குப் பிறகுதான் வெளங்கிச்சு." அவள் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

தங்கை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலமுனை நெருங்கும்போது திரும்பினாள்.

"அத எனக்கும் சொல்லித் தாங்க ராத்தா. நீங்க அங்கயிருந்து போன் கோல் எடுக்கக்குள்ள பின்னால ஆரும் அப்பிடிச் சொன்னா, எனக்கும் வெளங்கோணும்."