வைஸைப் பொருத்தவும் ஒரு கை

"இனிமே என் கைக்கு வேலை இல்லைங்கிறீங்க!"

அரியலூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த அம்மா, களைப்போடு கணவரிடம் சொன்னார். பக்கவாதத்தில் கணவருக்கு இடது கை வராமல் போயிருந்தது. பெரம்பலூரில் வாங்கிய, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், சாக்குப்பையில் அவர் மடியில் கனத்தது.

"நான் அராவ அராவ, நீ எவ்வளவு நேரந்தான் பைப்பைப் புடிச்சுக்கிட்டு நிப்ப? உன் கை நடுங்குது. இது புடிச்சா விடாது."

"நான் என்னைக்கு விட்டேன்?"

கணவர் சாக்குப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"சரி, வண்டி நிக்கிற கொட்டாயில மேசைமேல இதை எப்படி மாட்டுவீங்க?"

"அடியில படுத்து நான் நட்டை முடுக்குவேன். மேல ஸ்பேனர் போட்டு போல்ட்டை ஒருத்தர் புடிச்சுக்கணும்."

"யாருங்க அந்த ஒருத்தர்?"

"வேற யாரு? நீதான்."

மதுரகாளித் தாயே, அந்த மூன்று கைகளுக்கும் பலம் கொடு என்று வேண்டிக்கொண்டு இறங்கினேன்.