ஜெனின் ஏலம் எடுத்த வாழைக்குலை

எனக்குப் போனில் பேசுவதே பிடிக்காது, மேடம். மணி அடித்தாலே எரிச்சல் வரும். அப்படிப்பட்டவள் இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்ததும், யாரும் பேசாத போனைக் காதில் வைத்து "சொல்லுங்க அண்ணா" என்று நடித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். எம்.ஏ. இங்கிலீஷ். கற்பனையைப் பற்றிக் கட்டுரை எழுதி வகுப்பில் முதலாவதாக வந்தேன். அது வாங்கித் தந்த வேலை, பூதப்பாண்டிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் நேசபாய் மாமிக்குத் துணையாகக் கிடப்பது. அப்பா ஊரில் ஆபீஸ் வேலை என்று சொல்லிக்கொண்டார். கற்பனை எனக்கு அவர் வழி வந்தது.

மாமிக்குப் போனில் காது கேட்காது. கல்ஃபுக்குப் போன மகன் ஜெனின் போன் செய்வதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. ஒரு நாள் சாப்பிட மாட்டேன் என்று படுத்துவிட்டார். "அண்ணன் போன் பண்ணினாங்க, அம்மை சாப்பிட்டாளான்னு கேட்டாங்க" என்றேன். தட்டு காலியானது.

பிறகு வாய் நிற்கவில்லை. அவனைச் சூப்பர்வைசர் ஆக்கினேன். பீடியை விடவைத்தேன். அம்மாவின் மூட்டுவலி கேட்டு அழுதான். "அந்தப் பிள்ள அங்க இருக்கதுனால எனக்கு நிம்மதி" என்று என்னைப் பற்றியும் சொன்னான். நானே சொல்லி, நானே வெட்கப்பட்டேன். அத்தனை அறையுள்ள வீட்டில் என்னை மதித்த ஆண்குரல் அது ஒன்றுதான்.

மிஞ்சிப் போனது அறுப்பின் பண்டிகையில்தான். சபையார் கொண்டுவரும் விளைச்சலை ஆராதனை முடிந்து ஏலம் விடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெயரில் வீட்டார் போட்டி போடுவார்கள். என் சம்பளத்தை வைத்து ஜெனின் பெயரில் ஒரு ஏத்தன் வாழைக்குலையை எடுத்தேன். சபைப் போதகர் ஐயர் மைக்கில் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தார். "எனக்க மவன் எடுத்ததாக்கும்" என்று மாமி தெரு முழுக்கப் பழம் கொடுத்தார். ஏலத்தை யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறார்கள் என்பது முதல் வகுப்பில் தேறியவளுக்குத் தோன்றவில்லை. கல்ஃபில் ஜெனின் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் யாரோ பார்த்துவிட்டார்கள்.

அடுத்த மாதமே வந்து நின்றான். மாமி பெண்கள் சங்கத்துக்குப் போயிருந்தார்.

"எனக்க பேர்ல வாழக்குல எடுத்த பிள்ள நீதானா?" என்று சிரித்தான். பீடி நாற்றம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்து அழுதான்.

"சம்பளம் இல்ல, விசா இல்ல. அம்மைக்க மொகத்துல முழிக்க வெக்கமா கெடந்துது. இனி நான் பாத்துக்கிடுதேன். நீ ஒனக்க வீட்டுக்குப் போ மக்கா." அப்புறம் கேட்டான்: "அம்மைக்கு மூட்டுவலி எப்பம் வந்துது?"

எனக்கு ஆசிரியர் வேலைதான் கிடைக்கவில்லை, மார்க் போடத் தெரியும். இவன் பாஸ் மார்க் வாங்கவில்லை.

அம்மா வருமுன் குளிக்க வேண்டும் என்றான். வீட்டுக்குப் பின்னால் கிணறு, அதன் சுவர் முழங்கால் உயரம்தான். வாளியை இழுக்கக் குனிந்தான். தள்ளினேன். "ஏட்டி" என்று ஒரு சத்தம். கிணற்றின் இரும்பு மூடியை இழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் கூப்பிட்டான். என் பெயரை அவன் கேட்கவே இல்லை, அதனால் "அம்மா" என்றுதான் கூப்பிட்டான். வாளியும் போனது, நல்ல வாளி.

மாமி வந்து, "ரெண்டு கிளாஸ் கெடக்கு, யாரு வந்தா?" என்றார்.

"தேங்கா பறிக்க ஆளு வந்தாரு மாமி." கிணற்றில் பூனை விழுந்துவிட்டது, தண்ணீர் வேண்டாம் என்றும் சொன்னேன். மாமியின் உடம்பு எனக்கு முக்கியம்.

அந்த ஞாயிறும் அவன் பேசினான். "எப்பம் வருவானாம்?" என்று மாமி கேட்டார். லீவு கிடைக்கவில்லையாம் என்றேன்.

கிணற்றிலிருந்து நீங்கள் எடுத்தவனைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஜெனின் செத்துவிட்டான் என்று மாமியிடம் சொல்லியிருக்கிறீர்களே, அது அநியாயம். இன்று ஞாயிறு. ஆராதனை முடியும் நேரம். என் போன் உங்கள் மேசையில் இருக்கிறது. அடித்தால் என்னிடம் கொடுங்கள், மேடம். மாமிக்குக் கேட்காது.