வானின் சத்தம் காணாமற்போனது பற்றி

எனது பெயர் சந்தியோகு லூர்த்தம்மா. வயது அறுபத்தாறு. குருநகரில் மாதா கோயிலுக்கு அருகில் மகன் லெனாட்டுடன் வசிக்கிறேன். காலஞ்சென்ற என் கணவர் மீன் ஏற்றிய வான் வண்டியின் எஞ்சினை, மருதனார்மடத்தில் கராஜ் வைத்திருக்கும் கேதீஸ்வரன் களவாக மாற்றிவிட்டார் என்று இந்தப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தவள் நானே. அது தொடர்பாக மேலும் கூறுவதாவது:

இந்த வானில் எஞ்சின், முன்னிரண்டு சீற்றுக்கும் நடுவில் ஒரு தகர மூடிக்குள் இருக்கிறது. யுத்தத்தில் சாமான் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் சுற்றியிருந்த வெப்பத் தடுப்பு உக்கிப்போனதால், என் கணவர் பழைய படகுப் பாய்த் துணிக்குள் தென்னந்தும்பு வைத்துத் தைத்து மூடியின் உட்பக்கம் கட்டினார். கடற்தொழிலாளிக்கு அதுதான் கைக்கு வந்தது. சூடும் அடங்கவில்லை, சத்தமும் அடங்கவில்லை. மடுத் திருவிழாவுக்குப் போகும்போது காலுக்கும் மூடிக்கும் இடையில் துவாயை மடித்து வைத்துக்கொண்டுதான் இருப்பேன். கதைப்பதென்றால் இருவரும் கத்தவேண்டும். அந்தப் பழக்கத்தில் அவர் வீட்டிலும் கத்தித்தான் கதைப்பார். ஏசியிருக்கிறேன். இப்போது அந்தக் கத்தலைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

சந்தையில் மீன்பெட்டிகளை இறக்கிவிட்டு அவர் திரும்பும்போது, கோயில் முடக்கு வளைவில் வான் ஒருமுறை இருமும். பிறகு அடித்தகரம் நடுங்கும். அதைக் கேட்டதும் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைப்பேன். அவர் இறந்தபின் லெனாட் ஓட்டினான். வானின் இருமல் மாறவில்லை. நானும் கேத்தில் வைப்பதை மாற்றவில்லை.

அதன் பின்னர் லெனாட், பிரேக் பார்க்க விடுவதாக என்னிடம் சொல்லி வானைக் கேதீஸ்வரனிடம் கொடுத்து, பழைய துணியைக் கழற்றி, வெள்ளித்தாள் ஒட்டிய புதிய தடுப்பும் சத்தம் அடக்கும் தடித்த விரிப்பும் போடுவித்தான். வான் வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியாது. அவன் குசினி வாசலில் நின்று, "அம்மா, தேத்தண்ணி வைக்கேல்லையோ?" என்று கேட்டபோதுதான் திடுக்கிட்டேன். வெளியே போய் வானை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். யாரோ வீட்டு வான்போல அது மெதுவாக முனகியது. அவன் தடுப்பு மாற்றியதைச் சொல்லியும் நான் நம்பவில்லை. என் கணவர் சாவதற்கு முன் புதிதாக்கிய எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டார்கள் என்று நினைத்து, மறுநாள் கோபத்துடன் இங்கு வந்தேன்.

இன்று கேதீஸ்வரனும் அழைக்கப்பட்டார். என் முறைப்பாட்டுக்குப் பின் கராஜுக்கு எவரும் வருவதில்லை என்றார். எஞ்சின் இலக்கம் சரியென்று சார்ஜன்ட் காட்டினார். இலக்கம் எவரும் அடிக்கலாம் என்றேன். அதன் பின்னர் கேதீஸ்வரன், "அம்மா, உதெல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஸ்டார்ட் பண்ணுவம். உங்கடை காதாலை கேட்டுச் சொல்லுங்கோ. உங்கடை எஞ்சின் இல்லையெண்டா என்னை உள்ளுக்குப் போடட்டும்" என்றார். நிலைய முற்றத்தில் அவர் தடுப்பு முழுவதையும் கழற்றினார். லெனாட் ஏறி ஸ்டார்ட் பண்ணி, அக்சிலேற்றரை ஓங்கி மிதித்தான். வான் இருமியது. அடித்தகரம் நடுங்கியது. நான் கேத்திலைத் தேடித் திரும்பினேன். பொலிஸ் நிலையத்தில் நிற்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அழுதேன். சார்ஜன்ட் எஞ்சினை நிறுத்தச் சொல்லவில்லை.

"இப்பிடியே கொண்டுபோறியளோ, தடுப்பைத் திரும்பப் பூட்டிவிடவோ?" என்று கேதீஸ்வரன் கேட்டார். இப்படியே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது லெனாட் சூடு தாங்காமல் இறங்கி, காற்சட்டையை உயர்த்தி இடது கெண்டைக்காலைத் தடவினான். அங்கே எஞ்சின் மூடி சுட்ட கறுத்த தழும்பு இருந்தது. சவப்பெட்டிக்குள் வைக்க என் கணவருக்கு உடுப்பு மாற்றியபோது அதே இடத்தில் அதே தழும்பைக் கண்டேன். "பூட்டுங்கோ தம்பி" என்றேன்.

கேதீஸ்வரன் மீது எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. கராஜுக்குப் போய் ஆட்களுக்கு முன்னால் இதைச் சொல்வேன். இனிமேல் கோயில் முடக்கில் ஹோர்ன் அடிப்பதாக லெனாட் கூறியுள்ளான். கேத்திலை அதற்கு வைப்பேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை என்று ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ச. லூர்த்தம்மா