ஆளுயரத்தின் கூடை

— எங்க ஆபீசர் ஜீப்பை விட்டு இறங்கவே மாட்டார், மாமா. சேறு ஒட்டிக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டுட்டு, ஏரியிலேருந்து கரையேறுற கூடைகளை எண்ணுவார். போன தடவையும் அப்படித்தான் எண்ணினார்.

— எண்ணட்டுமே மாப்பிள்ளை! போன தடவை என் கூடையைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த பேனா நழுவி விழுந்துடுச்சு. எடுத்துக் குடுக்க டிரைவர் குனிஞ்சான். குனிஞ்சவன் நிமிர்றதுக்குள்ள நான் அடுத்த கூடையோட வந்து நிக்கிறேன்!

— அந்தக் கூடையில என்ன இருந்துச்சு?

— மீன்.

— மாமா.

— மேலாக்கக் கொஞ்சம் பாசி.

— நான் இந்த வீட்டு மருமகன். ஏரிக் காவல்காரன்ங்கிறதைக் கொஞ்ச நேரம் மறந்துட்டுச் சொல்லுங்க.

— காக்கிச் சட்டையோட எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு மறக்கச் சொன்னா எப்படி? சரி, கேளுங்க. மேல பாசி. பாசிக்குக் கீழே கல்லு. ஆனா அது சாதாரணக் கல்லு இல்ல மாப்பிள்ளை. அதைத் தூக்கினதுல என் கழுத்து ரெண்டு விரக்கடை உள்ள இறங்கிடுச்சு. அதுக்கப்புறம் எனக்கு ஒரு சட்டையும் சரியா நிக்கிறதில்லை.

— கல்லு. அவ்வளவுதானே?

— இந்தக் கரையில யாரு கல்லு சுமக்கலை? மீன் மாட்டலைன்னா பாசியை அள்ளிப் போடு, கல்லை வை, ஈரத்துணியால மூடு, சிரிச்சுக்கிட்டே மேல வா. வீட்டு ஆளுங்க விடிஞ்சதும் கரையில வந்து நிக்கிறாங்க. இன்னைக்கும் ஒண்ணுமில்லைன்னு அவங்க முகத்துல அடிச்ச மாதிரி காட்டணுமா? வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாச் சொல்லிக்கலாம்.

— அந்தக் கல்லையெல்லாம் அவர் மீன்னு எழுதிட்டார். மூடின கூடை அத்தனையும் மீனு. கூட்டிப் பார்த்தா, இந்தக் கரை ஏரியையே வழிச்சு எடுத்துடுச்சு. சாப்பாட்டுக்குப் பிடிக்கிறோம்னு சொல்லிக்கிட்டு வெளியில விக்கிறாங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த மாசத்திலேருந்து அடுப்புரிமை ரத்து.

— விக்கிறோமா? வீட்டுக்கு ஆக்கித் திங்கிற அளவுக்குப் பிடிச்சுக்கோ, விக்கக் கூடாதுன்னு அவங்கதானே உரிமை குடுத்தாங்க? நான் ஒரு மீன் வித்திருந்தா இந்த மீசையை எடுத்து உங்க கையில குடுத்துடுறேன்.

— விக்கிறதுக்கு மீன் வேணுமே மாமா.

— அதுவும் சரிதான்.

— மேட்டுக்காட்டுல முயலுக்குக் கண்ணி வைக்கிறதும் அதே உத்தரவுல போகுது.

— முயலுமா! நான் ஒரு தடவை ஒண்ணு பிடிச்சேன் பாருங்க, கன்னுக்குட்டி உசரம். கண்ணியோட கயிறை விடாம பிடிச்சேன். அதுதான் என்னை வீடு வரைக்கும் இழுத்துட்டு வந்து விட்டுட்டுப் போச்சு.

— அந்த முயலை விடுங்க நீங்க. மாப்பிள்ளைக்கு டீ ஆறுது. மாப்பிள்ளை, சாப்பிட்டுத்தான் போகணும். தட்டெல்லாம் எடுத்து வச்சுட்டேன்.

— சரிங்க அத்தை. ஒரு பத்து நிமிஷம், மாமாகிட்ட ஒரு விஷயம் பேசிட்டு வந்துடுறேன்.

— பேசுங்க, பேசுங்க. கொல்லையில துணி கெடக்கு, நான் அலசிட்டு வரேன்.

— உங்க அத்தைக்கு அந்த முயல் மேல பொறாமை மாப்பிள்ளை. இப்ப நான் கேக்கிறேன், இதுல இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு? அந்த ஆபீசரைக் கூட்டிக்கிட்டு நேரா நம்ம கொல்லைக்கு வாங்க. நான் கொண்டுவந்த கல்லை உங்க அத்தை கொட்டிக் கொட்டி மலையா நிக்குது. அதுல மேய ஏறின ஆடு ஒண்ணு இன்னும் இறங்கி வரலை.

— சொன்னேன் மாமா. சிரிச்சார். "மீனை ஒளிக்கிறவனைப் பார்த்திருக்கேன்யா, கல்லைச் சுமக்கிறவனை நான் பார்த்ததில்லை"ன்னார். கெஞ்சினேன். கடைசியில, மறுபடி ஒரு தடவை எண்ண வரேன்னு ஒத்துக்கிட்டார். ஒரே ஒரு வெறுங்கூடை அவர் கண்ணால பார்த்துட்டா, எல்லாக் கூடையையும் திறக்கச் சொல்லிப் பார்ப்பாராம். பழைய எண்ணிக்கையைக் கிழிச்சுடுவாராம். அதுதான் இன்னைக்கு.

— ஒரே ஒரு வெறுங்கூடை.

— ஒண்ணே ஒண்ணு.

— மாப்பிள்ளை, நீங்க மேட்டுப் பக்கத்து ஆளு. இந்தக் கரையில வெறுங்கூடையை எப்படித் தூக்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?

— உங்க பொண்ணைக் கட்டி இத்தனை வருஷம் ஆச்சே. கவிழ்த்துத் தலையில வச்சுக்குவாங்க.

— எப்போ?

— தண்ணிக்குப் போன ஆளு திரும்பி வராதப்போ.

— அதுக்கு மட்டும்தான். வேற எதுக்காகவும் இங்க கூடை கவிழ்றதில்லை. கவிழ்ந்து ஒண்ணு வந்தா, யார் வீடோ யார் வீடோன்னு அடுப்பை அணைச்சுட்டு ஓடி வருவாங்க. அதைப் போய் விளையாட்டுக்குச் செய்யச் சொல்றார் உங்க ஆபீசர்.

— அவருக்கு அதெல்லாம் தெரியாது மாமா. ஜீப்புக்குள்ள உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு, நிமிர்ந்த கூடை காலியா இருந்தா எப்படித் தெரியும்? கவிழ்ந்து வந்தாத்தான் தெரியும்.

— தெரியாமலே போகட்டும். இருக்கிறது ரெண்டு விரல் நீளத்துக்குக் குஞ்சு மீனு. அதுக்குப் போய் உரிமையாம், ரத்தாம்.

— இப்ப மீன் இல்ல. மேல அணையில தண்ணி திறந்தா வரும். வரும்போது ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவன் படகு இங்க நிக்கும். நாம கரையில நின்னு வேடிக்கை பார்க்கணும். தூண்டில் போட்டாக்கூட உங்களை நான்தான் பிடிச்சுக்கிட்டுப் போகணும். அதை யோசிச்சீங்களா?

— நீங்க என்னைப் பிடிப்பீங்க?

— விதிப்படி பார்த்தா, பிடிக்கணும்.

— மரியாதையாத்தான் பிடிப்பீங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. "மாமா, கொஞ்சம் கையை நீட்டுங்க"ன்னு.

— நேத்து சாயங்காலம் படகுக் கொட்டாய்ல எல்லாரும் கூடினாங்க மாமா.

— என்னை விட்டுட்டா? நான் வாயைத் திறந்தா விடிஞ்சிடும்னு பயமா?

— உங்களைப் பத்திப் பேச வேண்டியிருந்துச்சு. கூடை உங்க வீட்டுலேருந்து வரட்டும்னு சொல்லிட்டாங்க.

— அப்படிப் போடுங்க! எனக்கு அப்பவே தெரியும். கரை மொத்தமும் என்னை ஆளுயரம், ஆளுயரம்னு கேலி பண்ணும். ஏன்னா நான் பிடிக்கிற மீனெல்லாம் ஆளுயரம் இருக்கும். இருக்கத்தான் செய்யும், அதுக்கு நான் என்ன பண்ண? இப்ப ஒரு பெரிய பொய்யைச் சொல்ல ஆள் வேணும்னதும் யாரைத் தேடுறாங்க பார்த்தீங்களா! இந்தக் கரையில என்னை மாதிரிப் புளுக எவனால முடியும்?

— அதுக்காக இல்லை மாமா.

— பின்னே?

— பொய்யா யாரும் கூடையைக் கவிழ்க்க மாட்டோம்னுட்டாங்க. கவிழ்த்தா அது நிஜமாயிடும்னு ஆளாளுக்குப் பயம். எல்லார் வீட்டுலயும் தண்ணிக்குப் போற பிள்ளை இருக்கு. உங்க வீட்டுக் கூடை கவிழ்ந்தா மட்டும்தான்...

— மட்டும்தான்?

— அது பொய்யா இருக்காதுன்னாங்க.

— டீ ஆறிடுச்சு, குடிங்க மாப்பிள்ளை.

— மாமா.

— மெதுவாப் பேசுங்க. அத்தை கொல்லையிலதான் இருக்கா.

— போன மழைக்கு முந்தின மழை. மச்சான் போய் அவ்வளவு நாளாச்சு. யாரும் உங்களைக் கேக்கலை. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் கேக்கலை.

— கேட்டா சொல்லியிருப்பேனே. அவன் அக்கரையில ஒதுங்கியிருப்பான். என் மகனை என்னன்னு நினைச்சீங்க? அவன் நீந்தினா மீனெல்லாம் ரெண்டு பக்கமும் விலகி வழி விடும். அலை அவனைத் தாண்ட முடியாம சுத்திக்கிட்டுப் போகும். அங்க யாரோ பெரிய கப்பல்காரன் பார்த்து, "இவன் மாதிரி ஒரு ஆளைத்தான்யா தேடிக்கிட்டிருந்தேன்"னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பான்.

— ஏரியில எங்கே மாமா கப்பல்?

— இருந்துச்சுன்னா?

— படகு மட்டும் தனியா வந்துச்சு. துடுப்பு உள்ளேயே இருந்துச்சு. நானும் நீங்களும்தான் இழுத்துக் கட்டினோம்.

— துடுப்பை விட்டுட்டுப் போறது அவன் வழக்கம். சின்ன வயசுலேருந்தே எதையாவது மறந்துட்டுத்தான் போவான். செருப்பைக்கூட...

— மாமா, டீயைக் குடிங்க.

— நீங்களே குடிங்க. கேளுங்க மாப்பிள்ளை, உங்க சட்டத்தை நானும் படிச்சவன்தான். ஒரு அடுப்புல சாப்பிடுற வாய் மூணு இருந்தா வலை. ரெண்டு வாய்னா தூண்டில். சரியா?

— சரிதான்.

— கூடை கவிழ்ந்தா என் அடுப்புக்கு எத்தனை வாய்?

— ரெண்டு.

— அப்ப வலை?

— விதிப்படி பார்த்தா...

— விதிப்படி பார்த்தா! நீங்களே வந்து சுருட்டி எடுத்துட்டுப் போவீங்க. மத்தவன் வலையைக் காப்பாத்த என் வலையை நான் அறுத்துக்கணும். அந்த வலை அவன் பின்னினது மாப்பிள்ளை. ஓட்டை பெரிசு பெரிசா வச்சு, கோணல்மாணலா. அதுல யானை நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய போகும். அதனாலதான் ஒரு மீனும் மாட்டுறதில்லைன்னு வச்சுக்கோங்களேன்.

— தெரியும் மாமா. கொட்டாய்ல வாயைத் திறந்து ஒருத்தரும் இதைச் சொல்லலை. ஆனா தெரியாதவங்க இல்லை. யாராலயும் என் முகத்தைப் பார்க்க முடியலை.

— நான் தூக்கினாலும் தூக்கிடுவேன். என் மண்டை எதையும் தாங்கும், உங்களுக்கே தெரியும். அவளுக்காகத்தான் பார்க்கிறேன். உள்ள எட்டிப் பாருங்க. என்ன தெரியுது?

— தட்டு வச்சிருக்காங்க.

— எண்ணுங்க. நீங்கதான் எண்ணுற ஆபீஸ்காரராச்சே.

— நாலு. நாம மூணு பேர்தானே?

— நாலாவது அவனுக்கு. அவன் போன நாள்லேருந்து ஒரு வேளை விட்டதில்லை. துடைச்சு, தண்ணி தெளிச்சு, ஒரு கை சோறு வைப்பா. யாரும் இல்லாதப்போ எடுத்துக் காக்காய்க்குப் போட்டுடுவா. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. அவ நம்பிக்கிட்டிருக்கா மாப்பிள்ளை. அவளுக்காகத்தான் நானும் கப்பலு, அக்கரைன்னு கட்டிக்கிட்டுத் திரியறேன். எனக்குத் தெரியாதா? காலிப் படகைக் கட்டினவன் நான். ஆனா கவிழ்ந்த கூடையோட நான் கரையேறுறதை அவ பார்த்தான்னா, நின்ன இடத்துலயே போயிடுவா.

— ஜீப் சத்தம் கேக்குது மாமா.

— கேக்கட்டும். போய்ச் சொல்லிடுங்க. ஆளுயரம் வீட்டுல இன்னைக்கு மீன் வழிஞ்சு ஓடுது, நடக்க இடமில்லை, வாசக் கதவு திறக்கலைன்னு சொல்லிடுங்க.

— அப்ப கரை?

— கரையை என் தலையில ஏத்தாதீங்க. ஏற்கெனவே கழுத்து உள்ள இறங்கியிருக்கு.

— சரி மாமா. நான் வேற யாரையும் கேக்கப் போறதில்லை. சொல்லிட்டுப் போறேன்.

— கொஞ்சம் நில்லுங்க மாப்பிள்ளை. அந்த வலையைக் கயித்துலேருந்து இறக்கிச் சுருட்டி, வாசல்ல வச்சிருக்கேன். போகும்போது எடுத்துக்கோங்க.

— அத்தை! நீங்க கொல்லையில...

— துணி எவ்வளவு நேரம் அலசுறது? கூடையிலிருந்த கல்லையும் கொட்டிட்டேன்.

— ஏய், கூடையைக் கவிழ்க்காதே, கீழே வை! யார் சொன்னது உனக்கு? நாங்க சும்மா பேசிக்கிட்டிருந்தோம். அவன் வருவான், நான் சொல்றேன் இல்ல? தினமும் நீயே அவனுக்குத் தட்டு வைக்கிறே...

— தட்டு அவனுக்கு இல்லீங்க. அவன் வர மாட்டான்னு படகு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். ஒரு தட்டு குறைஞ்சா நீங்க கையை நனைக்க மாட்டீங்களேன்னுதான் வச்சுக்கிட்டிருக்கேன். இன்னைக்கு நான் வர நேரமாகும், ஆறிப் போறதுக்குள்ள சாப்பிட்டுடுங்க.