கூலாயிலிருந்து குளிருக்கு ஓர் ஆலோசனை

மலேசியாவில், கூலாயிலிருந்து ஜொகூர் பாரு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருவர். எண்ணெய் பிழிந்த செம்பனைச் சக்கையை அழுத்தி, பெல்லட் எனும் சிறு எரிபொருள் கட்டிகளாகச் செய்யும் ஆலையில் வேலை செய்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"வீட்டுல மூணு ஃபேன் ஓட விட்டுட்டு, பனியில இருக்கிற வீட்டை எப்படிச் சூடாக்குறதுன்னு சொல்லிக் குடுத்தவன் நான்," என்றார் மீசைக்காரர்.

நான் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டேன்.

"யாருக்குண்ணே?" என்றார் பக்கத்திலிருந்த இளையவர்.

"கனடாவுல இருக்கிற மகளுக்கு. பெல்லட் போட்டு எரிக்கிறதுல ரெண்டு வகையாம். பாய்லர் தண்ணிய சூடாக்கி குழாய்ல அனுப்பும். ஃபர்னஸ் சூடான காத்த ஊதும். எதுப்பா வாங்கட்டும்னு கேட்டா. அப்பா பெல்லட் ஃபேக்டரியில இருக்காருல்ல."

"நீங்க அங்க மூட்டைதானே கட்டுறீங்க."

"பத்து வருஷமா கட்டுறேன்லா. அந்தத் தைரியத்துல ஃபர்னஸ்னு சொல்லிட்டேன். ஊதுறதுன்னா ஃபேன் மாதிரிதானே, நமக்குத் தெரிஞ்சதுதானேன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"மாட்ட வந்த ஆள் சிரிச்சிருக்கான். காத்து போக வழி இல்ல, சீலிங்கையே உடைக்கணுமாம். அந்த வீட்டுல ஏற்கெனவே ரூமுக்கு ரூம் சுவரோரமா சுடுதண்ணி ஓடுற இரும்புக் குழாய் இருக்கு. மக படம்கூட அனுப்பியிருந்தா."

"நீங்க பாக்கலையா?"

"பாத்தேன். துணி காயப்போடுற கம்பின்னு நெனச்சேன். எவ்வளவு வசதி பாருன்னு வீட்டுக்காரிகிட்ட வேற காட்டுனேன்."

இளையவர் வாயைப் பொத்திக்கொண்டார். "இப்ப என்ன சொன்னீங்க?"

"பாய்லரே வாங்குன்னேன். ஏம்பா மாத்திட்டீங்கன்னு கிண்டலா கேட்டா. அப்பன் தப்ப ஒத்துக்க முடியுமா? துணியும் காயும்மான்னு சொல்லிட்டேன்."